கடைசிப் பேப்பரும் கட்சி நேர்காணலும்

அண்ணி பரீட்சை எழுதப் போற அதே நாளாப் பாத்து கட்சியில நேர்காணல் வெச்சிட்டாங்க. அதுக்கு எங்க அண்ணன் சொன்ன நியாயத்தைக் கேளுங்க.

“பரீட்சைய அடுத்த தபா எழுதிக்கலாம் தேவி. சீட்டு அடுத்த தபா வருமா?”

பரீட்சைக்கும் அடுத்த தபா கிடையாது. அங்கதான் வெவகாரமே.

நடுவுல வந்து சேந்தவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். நான் ராதிகா. மேனாம்பேட்டுல தையல் கடை வெச்சிருக்கேன். எங்க அண்ணன் ஹேமநாதன் கட்சியில வட்டச் செயலாளர். கொடி கட்டறது, கூட்டத்துக்கு ஆள் சேக்கறது, சாவு ஊட்டுக்கு மாலை தூக்கிகினு ஓடறதுன்னு மீசை நரைக்கிற வரைக்கும் உழைச்ச மனுஷன். இந்தத் தடவை எங்க வார்டைப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. உடனே அண்ணன் இன்னா பண்ணிச்சு? அண்ணி பேர்ல விருப்ப மனு போட்டுடுச்சு. கையெழுத்தும் அதுவே போட்டுச்சு. போன வாரம் போஸ்டர் அடிக்கிறவன் வாசல்ல வந்து, “அக்கா, போட்டோ குடுங்க, நல்லா சிரிச்ச மாதிரி இருக்கட்டும்”னு நின்னப்பதான் அண்ணிக்கே விஷயம் தெரிஞ்சுது.

அண்ணி, அதாவது தேவிப்பிரியா, தபால் வழியில எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறாங்க. எல்லா பேப்பரும் முடிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மேல்நாட்டு அரசியல் சிந்தனை. மொத தபா எழுதப் போனப்ப அண்ணனுக்கு டெங்கு. ரெண்டாவது தபா கட்சி மாநாடு, ஊடு முழுக்க வெளியூர் ஆளுங்க, விடிய விடிய சாம்பார் கிண்டிட்டுத் தூக்கக் கலக்கத்துல போய் எழுதினாங்க. ரெண்டும் போச்சு. இந்தத் தடவையோட பல்கலைக்கழகம் குடுத்த கெடு முடியுது. இதையும் உட்டா எழுதின அத்தனை பேப்பரும் வீண். மறுபடி மொதல்லேந்து பணம் கட்டிச் சேரணும்.

நாத்தனார்க்காரி அண்ணிக்குப் பரிஞ்சு பேசறாளேன்னு மூக்குல வெரல வெக்காதீங்க. பரிஞ்சுதான் பேசுவேன். ஒரு நாள் கடையில பட்டன் தெச்சிகினே கேட்டேன், “அண்ணி, இந்த வயசுல இந்தப் படிப்பு எதுக்கு? வேலைக்கா?”ன்னு. அதுக்கு அவங்க, “நம்ம ஊட்டு வாசல்ல கட்சிக்காரங்க குந்திகினு பேசறதுல பாதி பொய்யின்னு எனக்குத் தெரியுது ராதிகா. எந்தப் பாதின்னு தெரிய மாட்டேங்குது. அதான் படிக்கிறேன்”னாங்க. அன்னிலேந்து எனக்கு அண்ணின்னா தனி மரியாதை.

சரி, அந்த நாளுக்கு வரேன்.

காலையில நான் அவங்க ஊட்டுக்குள்ள நுழையறப்ப அண்ணி ஒரு கையில இட்லித் தட்டு, காதுல ஒயரு. பாட்டுன்னு நெனைக்காதீங்க. பாடம். அவங்களே படிச்சு, அவங்க குரல்லயே போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. பாத்திரம் தேய்க்கறப்ப, கொத்தவரங்கா நறுக்கறப்ப, ரேஷன் கடையில நிக்கறப்ப எல்லாம் அதுதான் ஓடும். அண்ணன் ரொம்ப நாளா, “இவளுக்கு இன்னாத்துக்கு இப்டி ஒரு பாட்டுப் பைத்தியம்?”னு என்கிட்ட வந்து பொலம்பிகினு இருந்துச்சு. அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

அண்ணன் கஞ்சி போட்ட சட்டையில நின்னுகினு இருந்துச்சு. நாற்காலி மேல கட்சிக் கரை போட்ட புதுப் புடவை.

“கட்டிகினு கெளம்பு. காலையிலேயே நம்மள கூப்ட்ருவாங்க. ஆவடி மண்டபம்.”

“எனக்குப் பரீட்சை. கரையான்சாவடி.”

“மாவட்டமே வந்து குந்திகினு கேக்கறாரு தேவி! எத்தினி பேர் இதுக்கு அலையறான் தெரியுமா?” மாவட்டம்னா மாவட்டச் செயலாளர். கட்சியில யாரும் அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க.

“அவர் கேக்கறதுக்கு நான் இன்னாங்க பதில் சொல்றது? மனு போட்டதே எனக்குத் தெரியாதே.”

“நீ எதுக்கு சொல்லணும்? அவரு கேப்பாரு, நான் சொல்லுவேன். எல்லா ஊட்டுப் பொம்பளைங்களும் அப்டித்தான் வர்றாங்க. நீ பக்கத்துல கம்முனு குந்திகினு தலைய ஆட்டினா போதும்.”

அண்ணிக்கு வந்துச்சே கோபம்! இட்லித் தட்டை டொக்குனு வெச்சாங்க.

“தலைய ஆட்டறதுக்கு நான் எதுக்கு? எவளையாவது கூட்டிகினு போங்க. யாரு தல ஆடினா இன்னா?”

எரிச்சல்ல சொன்னாங்க. யாரா இருந்தாலும் அது எரிச்சல்னு புரிஞ்சிக்குவாங்க. எங்க அண்ணன் அதை யோசனையா எடுத்துக்கிச்சு. மெதுவா என் பக்கம் திரும்பிப் பாத்துச்சு.

“ண்ணா, இன்னா அப்டி பாக்கற?”

“ராதிகா... உனக்கும் அவளுக்கும் ஒரே ஒசரம்தான?”

“தூ! கூடப் பொறந்தவள இஸ்துகினு போய் பொண்டாட்டின்னு குந்த வெப்பியா? வெக்கமா இல்ல?”

“நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன் ராதிகா. சத்தியமா. அவங்களா நெனச்சிக்கினா நாம இன்னா பண்றது?”

அண்ணி தலையில அடிச்சிகினாங்க. “இது மோசடிங்க. நாளைக்குத் தெரிஞ்சா உங்க மானம்தான் போவும்.”

“அப்ப நீ வா!”

இதுதான் சங்கடம். அண்ணன் பிடிச்சா பிடிச்சதுதான், விடாது. அண்ணி கெளம்பற நேரமும் தாண்டிகினு போவுது. ஒவ்வொரு பஸ்ஸா போவுது. நான் பாத்தேன். அந்தப் புடவைய எடுத்து என் தோள்ல போட்டுக்கினேன்.

“அண்ணி, நீங்க கெளம்புங்க. நான் போறேன்.”

“வேணாம் ராதிகா.”

“பாவம் என் கணக்குல இருக்கட்டும். நீங்க போய் எழுதுங்க. மூணாவது தபாவும் இந்த ஆளால போச்சுன்னு இருக்க வேணாம்.”

அண்ணி என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாங்க. அப்புறம் பைய மாட்டிகினு வேகமா நடந்தாங்க. திரும்பிக் கூடப் பாக்கல. எனக்கு அதுதான் பிடிச்சுது.

ஆவடி மண்டபத்தைப் பாக்கணுமே நீங்க! சீட்டு பொம்பளைங்களுக்கு. கூட்டம் பூரா ஆம்பளைங்க. ஒவ்வொருத்தனும் பொண்டாட்டி காதுல குனிஞ்சு பாடம் நடத்திகினு இருக்கான். “வார்டு நம்பர் கேட்டா சொல்லு. தலைவர் பேரைச் சொல்றப்ப கை கும்புடு.” அந்தப் பொம்பளைங்க வேர்வையைத் தொடச்சிகினு, ஊட்டுல துணி காயப்போட்டது ஞாபகம் வந்த மாதிரி உக்காந்திருக்காங்க. எங்க ஏரியா ஆளுங்க கண்ணுல படக்கூடாதுன்னு அண்ணன் என்னை ஒரு தூணுக்குப் பின்னால குந்த வெச்சிது. நான் முந்தானைய இழுத்துப் போத்திகினு, பேய் பிடிச்சவ மாதிரி தரையப் பாத்துகினு இருந்தேன்.

கூப்ட்டாங்க. உள்ள போனோம்.

மேசைக்குப் பின்னால மாவட்டம் கஜபதி. பெரிய உடம்பு, சின்னக் கண்ணு. அந்தக் கண்ணு ஒரு எடத்துல நிக்காது. ரெண்டு பக்கமும் ரெண்டு நிர்வாகிங்க.

“இன்னாப்பா ஹேமநாதா, உன் வார்டுல இன்னா பிரச்சனை?”

சும்மா சொல்லக் கூடாது, அண்ணன் பிச்சு உதறிடுச்சு. எந்தத் தெருவுல மழைத்தண்ணி நிக்குது, எந்தக் கம்பத்துல லைட்டு எரியல, எந்தச் சந்துல குப்பை வண்டி நுழையாது, எல்லாம் வெரல் நுனியில. கேட்டுகினு இருந்த எனக்கே பெருமையா இருந்துச்சு. இந்த மனுஷன் கெட்டவன் இல்ல. கட்சிக்காரன், அவ்ளோதான்.

கஜபதி தலைய ஆட்டிகினே மனுவைப் புரட்டினாரு. புரட்டினவரு நின்னாரு.

“எம்.ஏ. அரசியல் அறிவியலா? அட! காலையிலேந்து பாக்கறேன், இப்டி ஒரு மனு வரலியே.” என் பக்கம் திரும்பினாரு. “ஏம்மா, படிச்சதுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது? சொல்லு, கேப்போம்.”

“அது வந்துண்ணே...” அண்ணன் ஆரம்பிச்சுது.

“உன்னையா கேட்டேன்? கம்முனு இரு. அம்மா பேசட்டும்.”

நெசத்தைச் சொல்றேன். எனக்குப் பதில் தெரியும். அண்ணி போன்ல ஓடற பாடம் என் கடையிலயும்தான், ஒயரு மாட்டாம சத்தமா ஓடிச்சு. நான் தையல் மெஷின் மிதிச்சிகினே பாதி கேட்டவதான். ராசா எதுக்கு, சட்டம் எதுக்கு, ஜனங்க ஏன் ஒருத்தனுக்குக் கட்டுப்படணும்னு அண்ணி குரல்லயே நாலு வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்லியிருந்தா சீட்டு எங்க பக்கம்தான்.

ஆனா வாய் தொறக்கல. அங்க ஒரு பொம்பள பெஞ்சுல முதுகு ஒடிய குந்தி, இத்தினி வருஷம் படிச்சதை எல்லாம் பேப்பர்ல கொட்டிகினு இருக்கா. இங்க நான் அவ புடவையக் கட்டிகினு, அவ பேர வெச்சிகினு, அவ படிப்பையும் எடுத்து உடறதா? மனசு ஒப்பல. எழுந்துட்டேன்.

“ஐயா, மன்னிச்சிக்கோங்க. நான் அவங்க இல்ல. அவங்க நாத்தனார். அவங்க இப்ப கரையான்சாவடியில எம்.ஏ. பரீட்சை எழுதிகினு கீறாங்க.”

அண்ணன் முகம் சுண்ணாம்பு ஆயிடுச்சு.

கஜபதி நாற்காலிய பின்னால தள்ளிகினு எழுந்தாரு பாருங்க!

“ஏன்யா! பொம்பள வார்டுக்குப் பொம்பளையே தேவையில்லன்னு முடிவு பண்ணிட்டியா நீ?”

“அண்ணே, அண்ணே... சூழ்நிலைண்ணே...”

“இன்னா சூழ்நிலை? என் முன்னாலயே ஆளை மாத்திக் கொண்டாந்து உக்கார வெக்கற! நாளைக்கு மாமன்றத்துக்கும் யாரையாச்சும் இட்டுகினு வந்து உடுவியா? உன்னைக் கட்சியை உட்டே தூக்கினா இன்னா?”

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அத்தினி வருஷ உழைப்பும் அந்த ரெண்டு கைக்குள்ள வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான்தான காட்டிக் குடுத்தேன்?

கஜபதி கொஞ்ச நேரம் மொறைச்சாரு. அப்புறம் குரலை எறக்கினாரு.

“அந்த அம்மா சீட்டை உட்டுட்டுப் பரீட்சைக்குப் போச்சா?”

“ஆமாண்ணே.”

“வேணாம்னு சொல்லிடுச்சா?”

“ஆமாண்ணே.”

“நான் அந்த அம்மாவப் பாக்கணும். பரீட்சை முடிஞ்சதும் இட்டுகினு வா. உள்ள அவங்க மட்டும். நீ வாசல்ல நில்லு.”

அண்ணன் வண்டியில கரையான்சாவடிக்குப் போனோம். பள்ளிக்கூட கேட்டுல நின்னோம். மணி அடிச்சுது. அண்ணி வந்தாங்க. வெரல்ல மை, நெத்தியில வேர்வை, முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எங்களைப் பாத்தும் அவங்களுக்கு ஒண்ணும் தோணல. சின்னப் புள்ளை மாதிரி ஓடி வந்தாங்க.

“முழுசா எழுதிட்டேன் ராதிகா! எல்லா கேள்வியும்! கூடுதல் பேப்பர் வாங்கி வாங்கி எழுதினேன். சூப்பர்வைசர் அம்மா, ‘போதும்மா, கை வலிக்கப் போவுது’ன்னாங்க.”

நான் கட்டிப் பிடிச்சிகினேன். தெருன்னும் பாக்கல. இந்தப் பேப்பர் பாஸ்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. ரிசல்ட் வர்றது வரட்டும்.

அண்ணன் தொண்டையக் கனைச்சுது. நடந்ததை ஒண்ணு உடாம சொல்லிச்சு. மறைக்கல, அது ஒண்ணு நல்லது. அண்ணி நின்னு கேட்டாங்க. கோபப்படுவாங்கன்னு பாத்தேன். ஒண்ணும் காணோம். மர நெழல்ல போய் குந்தி டிபன் பாக்ஸைத் தொறந்தாங்க.

“தேவி, மாவட்டம் காத்துகினு இருப்பாரு.”

“காலையிலேந்து ஒரு இட்லிதாங்க தின்னேன். இருக்கட்டும்.”

தயிர் சாதம் முழுசா தின்னு, கைய கழுவிட்டுதான் எழுந்தாங்க. நான் கட்டியிருந்த கட்சிப் புடவைய வாங்கிக் கட்டிக்கச் சொல்லி அண்ணன் கேட்டுச்சு. “இதுலயே வரேன்”னுட்டாங்க. அண்ணன் வண்டியில முன்னால போச்சு. நாங்க ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோ புடிச்சோம்.

மண்டபத்துல அண்ணி உள்ள போனாங்க. கதவு சாத்திக்கிச்சு.

வெளிய அண்ணன் பட்ட பாடு இருக்கே! இந்தப் பக்கம் நடக்குது, அந்தப் பக்கம் நடக்குது. கதவுல காது வெக்கப் போச்சு. வாசல்ல நின்ன தொண்டர் பையன், “அண்ணாத்தே, தள்ளி நில்லுங்க, மாவட்டம் திட்டுவாரு”ன்னு தொரத்திட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பழக்கமே இல்ல அதுக்கு.

நான் ஜன்னல் ஓரமா போய் நின்னேன். பாதி கேட்டுச்சு.

“ஜெயிச்சா மொத வேலை இன்னாம்மா பண்ணுவே?”

“பகுதி சபைக் கூட்டத்தை ஒழுங்காக் கூட்டுவேங்க. ஜனங்க கேக்கறதுக்கு ஜனங்க முன்னாலயே பதில் சொல்லணும். அப்டி ஒரு கூட்டம் இருக்குதுன்னே எங்க தெருவுல யாருக்கும் தெரியாது.”

“ஜனங்க திட்டுவாங்களேம்மா.”

“திட்டட்டும். திட்டறதுக்குத்தான அந்தக் கூட்டம்.”

உள்ள யாரோ சத்தமா சிரிச்சாங்க. அது கேலிச் சிரிப்பு இல்ல. எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. எங்க ஊட்டுல இட்லி ஊத்தற பொம்பள, ஒரு மாவட்டத்தையே ஆட்டிப் படைக்கிற மனுஷன்கிட்ட கொஞ்சம் கூட உதறாம பேசறாங்க.

அப்புறம் குரல் தாழ்ந்துடுச்சு. ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் கழிச்சு கதவு தொறந்துச்சு. கஜபதியே வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டாரு. அண்ணன் பாஞ்சு போச்சு.

“இன்னாச்சு தேவி? இன்னா சொன்னாரு?”

“மனுவை வாபஸ் வாங்கிட்டேங்க.”

அண்ணன் அப்படியே படியில குந்திடுச்சு. “அழிச்சிட்டியே... என்னை அழிச்சிட்டியே தேவி...”

“அது நான் போட்ட மனு இல்லியே. எனக்குத் தெரியாம என் பேர்ல போட்டது எப்டிங்க செல்லும்? அதைத்தான் சொன்னேன். அவரும் சரின்னாரு.” அண்ணி ஒரு படி எறங்கி நின்னாங்க. “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மனு வாங்கறாங்களாம். எனக்கு இஷ்டம்னா நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு எடுத்துகினு வரணுமாம். ஜெயிச்சா நாற்காலியில நான்தான் குந்தணுமாம். ‘உங்க ஊட்டுக்காரர் வாசலோட சரி’ன்னு சொன்னாரு.”

அண்ணன் மொகத்துல உசிரு வந்துடுச்சு. துள்ளி எழுந்துச்சு.

“அப்ப நாளைக்கே போட்டுடலாம்! காலையிலேயே நான் ஆளுங்கள கூட்டிகினு...”

“போடலாம்னு யாரு சொன்னா?”

அண்ணன் போனை எடுக்கப் போன கைய எறக்கிச்சு.

“ஊரு பூரா ஊடு ஊடா ஏறி ஓட்டுக் கேட்டீங்க. முன்ன பின்ன தெரியாதவங்க கைய எல்லாம் பிடிச்சு கேட்டீங்க. என்னை ஒரு தடவை கேட்டீங்களா? நிக்கிறியான்னு, ஒரே ஒரு தடவை?”

அண்ணி கத்தல. சாதாரணமாத்தான் கேட்டாங்க. அதுக்கே படியைச் சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அண்ணன் அவங்களைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. மைக்கே இல்லாம மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி பேசற மனுஷன், சட்டைப் பட்டனைத் திருகிகினு நிக்குது. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்னும் இருந்துச்சு.

கடைசியில கை ரெண்டும் தானா சேந்துச்சு.

“தேவி... எனக்கு இந்த வார்டுன்னா உசுரு, உனக்கே தெரியும். என்னால நிக்க முடியாது. எனக்காக வேணாம்... நீ நின்னா நல்லா செய்வே. நான் இங்க வெளிய நின்னப்பதான் எனக்கே அது தோணுச்சு. நிக்கிறியா?”

அண்ணி அதோட கண்ணை நேராப் பாத்தாங்க. சிரிக்கல. மொறைக்கவும் இல்ல. பைய எடுத்துத் தோள்ல மாட்டிகினாங்க.

“பாக்கலாம். யோசிச்சு சொல்றேன்.”

ஓட்டுக் கேக்கப் போற ஊட்டுல எல்லாம் ஜனங்க எங்க அண்ணனுக்குக் குடுக்கற பதில் அதுதான். அதுக்கு அண்ணன் எப்பவும் சொல்ற பதில்தான் அன்னிக்கும் வாயில வந்துச்சு.

“சரிங்க... நல்லா யோசிச்சு சொல்லுங்க”ன்னுச்சு, கட்டின பொண்டாட்டிகிட்ட.